உப்புத் தண்ணீரில் ஓடிய சரக்கு: வாசகர் கேள்வி–பதில்

சோழமண்டலக் கரையின் பழைய நீர்வழிகளைப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில். ஒரே விஷயத்தைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டோம்.

பக்கிங்ஹாம் கால்வாயில் தண்ணீர் ஒருநாள் வடக்கே ஓடுகிறது, மறுநாள் அதே நேரத்தில் தெற்கே ஓடுகிறது. ஆறு இப்படி ஓடுமா? இது வெட்டின கால்வாயா, பழைய ஓடையா? (எண்ணூர் வாசகர்)

இரண்டும்தான். கரையை ஒட்டி ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே ஏற்கெனவே கழிகளும் ஏரிகளும் வரிசையாகக் கிடந்தன. பழவேற்காடு ஏரி, எண்ணூர்க் கழி, கோவளத்துக் கழி, மரக்காணத்தை ஒட்டிய கழுவேலி என்று அந்த வரிசை நீளும். இவற்றுக்கு இடையே இருந்த மேட்டை வெட்டி ஒன்றோடொன்று கோத்ததுதான் கால்வாய். முதல் துண்டு 1806-இல் தொடங்கியது. பாசில் கொக்ரேன் என்ற ஒப்பந்தக்காரரின் முயற்சியில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை 11 மைல் வெட்டினார்கள். கொருக்குப்பேட்டைப் பக்கத்தில் கொக்ரேன் பேசின் ரோடு என்ற பெயர் இன்றும் இருக்கிறதே, அது இவர் நினைவுதான். 1837-இல் அரசு இதை எடுத்துக்கொண்டது. பிறகு வடக்கே கிருஷ்ணா டெல்டாவைத் தொடும் பெத்தகஞ்சம் வரையிலும், தெற்கே மரக்காணம் வரையிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார்கள். கடைசியில் மொத்தம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர்.

இனி ஓட்டத்தின் திசை. இந்தக் கால்வாய்க்குத் தலைமதகு கிடையாது. மேலே ஓர் அணை, அங்கிருந்து சரிவாக வரும் நீர் என்பதெல்லாம் இதற்குப் பொருந்தாது. முகத்துவாரங்கள் வழியாக உள்ளே வரும் கடல்நீர்தான் இதன் ஊற்று. கடல் உயரும் ஏற்றம் வரும்போது எண்ணூர் வாயில் நுழையும் நீர் இரண்டாகப் பிரிந்து ஒரு பங்கு வடக்கே போகும், ஒரு பங்கு தெற்கே போகும். கடல் தாழும் வற்றத்தில் அதே நீர் திரும்பி வரும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரு வாரத்தில் கணக்கு நேர் எதிராகிவிடும். இன்று காலை ஆறு மணிக்கு ஏற்றம் என்றால் அடுத்த வாரம் அதே ஆறு மணிக்கு வற்றம். நீங்கள் இன்றும் நாளையும் ஒரே மணியில் பார்த்து வேறு திசை கண்டிருந்தால், நீர் திரும்பும் தறுவாயில் போய் நின்றிருக்கிறீர்கள்.

அளவு பெரிதல்ல. சென்னைக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர் அளவுதான். அஷ்டமியை ஒட்டி அதில் பாதிக்கும் குறையும். பாரம் ஏற்றிய படகுக்காரனுக்கு இந்தத் திதிக் கணக்கு விரல் நுனியில் இருக்க வேண்டும். அஷ்டமியில் மேட்டில் தட்டினால், அடுத்த பெரிய ஏற்றம் வரும்வரை அங்கேயே சமைத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

தூர்வாருகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் இதில் உண்டு. இரண்டு முகத்துவாரங்களிலிருந்து உள்ளே வரும் ஏற்றநீர் நடுவழியில் எதிரெதிராகச் சந்திக்கும். அந்த இடத்தில் ஓட்டம் நின்றுபோவதால் சுமந்துவந்த சேறு அங்கேயே படியும். முகத்துவாரத்தை மட்டும் வெட்டித் திறந்துவிட்டு இந்த நடு இடத்தை விட்டுவிட்டால் அடுத்த வருடமே படகு தட்டும்.

பக்கிங்ஹாம் என்பது யார்? (ஒரு கல்லூரி மாணவி, மதுரை)

1875 முதல் 1880 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பக்கிங்ஹாம் பிரபு. கால்வாயை அவர் தொடங்கவில்லை. 1876–78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் துண்டை வெட்டினார்கள். வடக்கும் தெற்கும் அப்போதுதான் ஒன்றானது, பெயரும் அப்போதுதான் வந்தது. மண் சுமந்தது கூலிக்கு வந்த பஞ்ச மக்கள்.

‘லாக்’ என்ற அமைப்பில் படகு எப்படி ஏறி இறங்கியது? மோட்டார் கிடையாதே? (பொறியியல் மாணவர், கோவை)

மோட்டாரே வேண்டாம், தண்ணீரின் கனமே வேலையைச் செய்துவிடும். லாக் என்பது இரண்டு பக்கமும் கதவு வைத்த ஒரு நீளமான கட்டுமான அறை. மேல்மட்ட நீரிலிருந்து கீழ்மட்டத்துக்கு ஒரு படகு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். கீழ்க்கதவு மூடியிருக்க, மேல்கதவில் உள்ள சிறு மதகைத் திறந்து அறையை நிரப்புவார்கள். உள்மட்டமும் வெளிமட்டமும் சமமானதும் கதவு தானாக இளகும். படகு உள்ளே வரும். மேல்கதவையும் அதன் மதகையும் மூடிவிட்டுக் கீழ்க்கதவின் மதகை மெல்லத் திறந்தால் அறை நீர் வடியும், கூடவே படகும் இறங்கும். கீழ்மட்டத்தோடு சமமானதும் கீழ்க்கதவு திறக்கும். ஏறுவதற்கு இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும்.

கதவு இரண்டு சிறகாக இருக்கும். மூடும்போது நேர்கோட்டில் நிற்காமல் மேல்மட்ட நீரைப் பார்த்து முக்கோணமாக முட்டி நிற்கும். நீர் அழுத்த அழுத்த இரண்டு சிறகும் இன்னும் இறுகும், அதனால் தாழ்ப்பாள் தேவையில்லை. அதே காரணத்தால் மட்டம் சமமாகும் முன் யார் தள்ளினாலும் அசையாது. 3 மீட்டர் அகலமும் 2 மீட்டர் நீராழமும் உள்ள ஒரு சிறகின் இரு பக்கமும் வெறும் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தால் அதன்மேல் விழும் விசை கிட்டத்தட்ட 600 கிலோ எடைக்குச் சமம். அவசரப்பட்டுக் கம்பியால் நெம்பினால் கீல்தான் போகும்.

ஆற்றுக் கால்வாயில் எந்தப் பக்கம் மேல்மட்டம் என்பது மாறாது. கடல் ஏற்றம் படும் இடத்தில் அப்படியில்லை. காலையில் வெளிப்பக்கம் உயரம், மாலையில் உள்பக்கம் உயரம். ஒரு திசைக்கு மட்டும் முட்டும் கதவு எதிர் அழுத்தத்தில் தானே திறந்துகொள்ளும். அப்படிப்பட்ட இடத்தில் எதிரெதிர் திசை பார்த்த இரண்டு ஜோடிக் கதவுகள் தேவைப்படும். லாக் கட்டச் செலவு கூடுவதற்கு இது ஒரு காரணம்.

தவறுகள் பெரும்பாலும் மூன்று வகை. ஒன்று கயிறு. இறங்கும் படகை அறைச் சுவரில் இறுக்கிக் கட்டிவிட்டு ஆள் புகையிலை போடப் போனால், நீர் வடிய வடியப் படகு கயிற்றில் தொங்கும், கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து சரக்கு தண்ணீரில். கயிற்றை முளையில் ஒரு சுற்று மட்டும் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தபடி இருக்க வேண்டும். இரண்டாவது நிலைப்படி. மேல்கதவின் அடியில் ஒரு படி நீட்டிக்கொண்டிருக்கும், படகின் பின்பக்கம் அதன்மேல் நின்றுவிட்டால் முன்பக்கம் மட்டும் இறங்கி மூக்குக் குத்தும். அதனால் முன்னே தள்ளி நிறுத்த வேண்டும். மூன்றாவது குப்பை. கதவு முட்டும் இடத்தில் ஒரு விறகுக் கட்டை சிக்கினால் போதும், கதவு மூடாது. மூடாத கதவைத் தண்ணீர் ஓட்டத்தால் அடித்து மூடவைக்க முயல்வது மரத்தைப் பிளக்கும். உவர்நீரில் கப்பல்புழு வேறு மரத்தைத் துளைத்துத் தேன்கூடாக்கிவிடும், மேலே பார்த்தால் முழுசாகத்தான் தெரியும்.

கால்வாய்ப் படகை எப்படி நகர்த்தினார்கள்? சென்னையிலிருந்து மரக்காணம் போக எத்தனை நாள்? மாட்டுவண்டியைவிட லாபமா? (செய்யூர், திருப்போரூர் வாசகர்கள்)

மூன்று வழி. காற்று ஒத்துழைத்தால் பாய். இல்லாவிட்டால் கழி ஊன்றித் தள்ளுவது. அதுவும் சரிவராத இடத்தில் கரைமேல் நடந்துகொண்டே கயிறு கட்டி இழுப்பது. கழி ஊன்றுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. படகின் முன்பக்கத்தில் கழியை இறக்கி, தோளை அதில் கொடுத்து, படகின் விளிம்போரமாகப் பின்பக்கம் வரை நடக்க வேண்டும். நடக்கிற ஆள் தரையைப் பொறுத்தவரை அநேகமாக நின்ற இடத்திலேயே இருப்பான், படகுதான் அவன் காலடியில் முன்னே போகும். அடிச் சேறு இளகலாக இருந்தால் கழி புதைந்துவிடும். பிடுங்க முயன்று தொங்கினால் படகு போய்விடும், ஆள் கழியோடு நிற்பான். விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுப்பதே புத்தி.

கயிறு இழுக்கும்போது கயிற்றைப் படகின் மூக்கில் கட்டக் கூடாது, படகு கரையைப் பார்த்துத் திரும்பிவிடும். கொஞ்சம் பின்னே, பாய்மரத்தின் உயரத்தில் கட்டினால் புதர்மேல் உரசாமலும் வரும், சுக்கானில் ஒரு ஆள் நின்றால் நேராகவும் போகும்.

வேகம் மனிதன் நடக்கும் வேகம்தான். மணிக்கு 3 கிலோமீட்டர், நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் 24 கிலோமீட்டர். மரக்காணம் ஏறத்தாழ 110 கிலோமீட்டர், ஆக நாலரை ஐந்து நாள். ஏற்றத்துக்குக் காத்திருப்பதையும் லாக்கில் நிற்பதையும் சேர்த்தால் ஒரு வாரம் என்று கணக்கு வைப்பது பத்திரம்.

வண்டியும் ஒரு நாளில் இதே தூரம்தான் போகும். ஆனால் ரெட்டை மாட்டு வண்டி அரை டன்னிலிருந்து ஒரு டன் வரைதான் சுமக்கும். பத்து டன் படகில் போகிற சரக்கைத் தரைவழி கொண்டுபோகப் பத்து முதல் இருபது வண்டி வேண்டும், அதாவது இருபது முதல் நாற்பது மாடு, அவற்றுக்குத் தீனி, வழியில் தண்ணீர். படகுக்கு நாலைந்து ஆள் போதும். பட்டுக்கும் வெற்றிலைக்கும் இந்தக் கணக்கு முக்கியமில்லை. எடை அதிகம், விலை குறைவு, கெட்டுப்போகாது என்ற சரக்குக்குத்தான் நீர்வழி. இந்தக் கால்வாயின் சரக்குப் பட்டியலைப் பார்த்தாலே புரியும்: உப்பு, விறகு, சுண்ணாம்புக்கான கிளிஞ்சல்.

ஏற்றும் கணக்கு: 10 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உள்ள தட்டையடிப் படகில் ஒரு டன் ஏற்றினால் சுமார் 4 முதல் 5 சென்டிமீட்டர் இறங்கும். பத்து டன்னுக்கு 40 முதல் 50 சென்டிமீட்டர், அதோடு படகின் சொந்தக் கனம். உவர்நீர் நல்ல தண்ணீரைவிடக் கனம் என்பதால், கால்வாயில் விளிம்புவரை ஏற்றிக்கொண்டு வடக்கே கிருஷ்ணாவின் கொம்மமூர் நன்னீர்க் கால்வாய்க்குள் போகும் படகு ஓரிரு சென்டிமீட்டர் கூட இறங்கும். சின்ன விஷயம்தான், ஏற்கெனவே அடி தொடுகிற படகுக்கு மட்டும் பெரிது.

உப்பைப் பலகைமேல் நேராகக் கொட்டக் கூடாது. எந்த மரப்படகிலும் அடியில் கொஞ்சம் நீர் கசியும். அது உப்பைத் தொட்டால் மூட்டை அடியிலிருந்து கரையும், கரைசேரும்போது எடை குறையும், பழி படகுக்காரன் மேல் விழும். அடியில் கட்டை பரப்பி அதன்மேல் கீற்று விரித்து ஏற்றுவதே முறை. விறகில் ஆபத்து வேறு. சவுக்கு விறகு இடத்தை அடைக்கும் அளவுக்கு எடை வராது, அதனால் மேலே மேலே அடுக்கத் தோன்றும். உயரம் கூடக் கூடப் பாரத்தின் மையம் மேலேறி, பக்கக் காற்று ஒன்று அடித்தால் படகு படுத்துவிடும்.

இந்தக் கால்வாய்க்கு ஏன் இத்தனை உப்புச் சம்பந்தம்? ‘சால்ட் கோட்டர்ஸ்’ என்பது வெள்ளைக்காரர் வீடா? (சென்னை, பெரம்பூர்)

வீடு இல்லை. நம் கொட்டாரம்தான் ஆங்கில நாக்கில் ‘கோட்டர்ஸ்’ ஆனது. உப்புக் கிடங்கு. 1805-இல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகமானது. அளத்தில், அதாவது உப்புப் பாத்தியில், விளைந்ததை எல்லாம் அரசு வாங்கி, சேர்த்துவைத்து, விற்றது. எண்ணூர், கோவளம், மரக்காணம் என்று அளங்கள் எல்லாம் கரையோரம், வாங்கும் கூட்டம் நகரத்தில். இரண்டையும் இணைக்க இதைவிடத் தோதான வழி இல்லை. பேசின் பிரிட்ஜில் உள்ள ‘பேசின்’ என்பதும் படகுகள் ஒதுங்கிச் சரக்கு இறக்கிய நீர்த்தேக்கம்தான்.

சங்க காலத்தில் உப்பு படகில் போனதா, வண்டியிலா? (தமிழாசிரியர், தஞ்சாவூர்)

இரண்டிலும். உப்பை விற்று நெல்லோடு திரும்பிய படகுகளைக் கொட்டிலில் குதிரை கட்டியதுபோல் கட்டி வைத்திருந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. கடலோரம் படகு, உள்நாட்டுக்கு உப்பு வணிகரான உமணர் வண்டி. உமணர் வண்டியின் அடியில் ‘சேம அச்சு’ ஒன்று கட்டியிருப்பார்கள் என்று புறநானூற்றில் ஔவையார் உவமை வைக்கிறார். இன்றைய ஸ்டெப்னி. மேடுபள்ளத்தில் முதலில் முறிவது அச்சுதான் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

துறைமுகம் கட்டும் முன் சென்னையில் கப்பல் சரக்கு எப்படி இறங்கியது? (தூத்துக்குடி)

கப்பல் கரைக்கு வராது. ஒன்றிரண்டு மைல் தள்ளி நங்கூரமிடும். இடையில் அலை மடிந்து விழும் பகுதியைக் கடக்க மசூலா படகு. இதில் ஆணியே கிடையாது. மா போன்ற மரப் பலகைகளை விளிம்போடு விளிம்பு வைத்து, இடுக்கில் நாரும் வைக்கோலும் திணித்து, தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே விலா எலும்புபோல் குறுக்குச் சட்டங்களும் இல்லை. ஐரோப்பியக் கப்பல் படகு இந்த அலையில் தரையில் மோதினால் பலகை பிளக்கும், ஆணி பிடுங்கிக்கொள்ளும். மசூலா மோதும்போது வளைந்து கொடுத்துத் திரும்ப நிமிரும். பத்துப் பேர் அளவில் துடுப்பு, பின்னால் ஒருவர் திசைக்கு.

வளைகிற படகு ஒழுகும், அதைத் தவிர்க்க முடியாது. ஓர் ஆள் ஓயாமல் தண்ணீர் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கயிறு மக்கும், தையலை அவிழ்த்துத் திரும்பத் தைக்க வேண்டும். தைக்கும்போது ஒரு பக்கம் இறுக்கமாகவும் ஒரு பக்கம் தளர்வாகவும் விட்டால் அலையின் பாரம் முழுவதும் இறுகிய தையலில் விழுந்து அங்கே அறுந்துவிடும்.

கரைக்கு வரும்போது அலையின் முதுகில் வர வேண்டும், முகத்தில் வரக் கூடாது. வேகம் கூடினால் முன்னலையின் மேல் ஏறிக் குப்புற விழும், குறைந்தால் பின்னலை பக்கவாட்டில் திருப்பிக் கவிழ்க்கும். கவிழ்ந்தவர்களைத் தூக்கக் கட்டுமரங்கள் கூடவே போகும். கட்டுமரத்தில் மூழ்குவதற்கு எதுவும் இல்லை என்பதுதான் அதன் பலம்.

துறைமுக வேலை தொடங்கிய பிறகும் 1881 நவம்பர் புயல் கட்டியதை உடைத்தது. பின்பு சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் கிழக்கு வாயை அடைத்து வடகிழக்கில் வாய் வைத்த பிறகுதான் உள்ளே நீர் அடங்கியது. அந்தச் சுவர்கள் வடக்கே நகரும் மணலைத் தடுத்ததால் தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது.

காவிரிப் பரிசல் ஏன் வட்டம்? சுற்றிக்கொண்டே இருக்காதா? (ஈரோடு)

துடுப்பை ஒரு பக்கமாகப் போட்டால் சுற்றத்தான் செய்யும். பரிசல்காரர் போகிற திசையைப் பார்த்து முன்விளிம்பில் உட்கார்ந்து, துடுப்பை எட்டப் போட்டுத் தன்னை நோக்கி இழுப்பார். தள்ளுவதைவிட இழுப்பதில் பரிசல் துடுப்பின் பின்னாலேயே வரும். வட்டமாக இருப்பதால் பாறையில் இடித்தாலும் உருண்டு விலகும், மூங்கில் பின்னல் வளைந்து கொடுக்கும், சில அங்குல நீர் போதும். பழைய நாளில் மேலே தோல் போர்த்தினார்கள். தோல் நாள்கணக்கில் நனைந்தே கிடந்தால் அழுகும் என்பதால் கரையில் கவிழ்த்துக் காயவைப்பது கட்டாயம். இப்போது பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். ஓட்டத்தை எதிர்த்துத் துடுப்பு போடுவது வீண். கீழே இறங்கிய பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்து மேலேற்றுவதே வழக்கம். ஆட்களை ஏற்றும்போது முதலில் எதிரெதிராக உட்காரவைக்க வேண்டும். எல்லாரும் படம் எடுக்க ஒரே பக்கம் சாய்ந்தால் வட்டத்துக்கும் மன்னிப்பு கிடையாது.

திருச்சியில் ஓடத்துறை என்கிறார்களே, ஓடத்துக்கு உரிமம் உண்டா? (திருச்சி)

1890-இல் கால்வாய்கள், பொது ஓடங்கள் பற்றி ஒரு சட்டமே வந்தது. தமிழ்நாட்டில் இன்றும் அந்தப் பெயரில் இருக்கிறது. உரிமம், சுங்கம் எல்லாம் அதன்கீழ்தான்.

கால்வாய்ப் போக்குவரத்து எப்போது, ஏன் நின்றது? தேசிய நீர்வழி என்று அறிவித்தார்களே, படகு திரும்ப வருமா? (பல வாசகர்கள்)

ஒரே நாளில் நிற்கவில்லை. 1899-இல் சென்னை–விஜயவாடா ரயில்பாதை இணைந்ததும் நெடுந்தூரச் சரக்கு போனது. பாசனப் பொறியாளர் ஆர்தர் காட்டன் ரயிலைவிடக் கால்வாய்க்கே பணம் போட வேண்டும் என்று வாதாடியவர். அந்த வாதம் தோற்ற வழக்கு இந்தக் கரையிலேயே நடந்தது. குறுந்தூர உப்பும் விறகும் இன்னும் பல பத்தாண்டுகள் படகில் வந்தன. லாரி வந்து அதையும் எடுத்தது. 1965, 1966 புயல்களில் கரை உடைந்து மணல் மூடிய பிறகு திரும்பத் திறக்கும் அளவுக்குச் சரக்கு இல்லை. நகருக்குள் சாக்கடை. சேப்பாக்கத்துக்குத் தெற்கே பறக்கும் ரயிலின் தூண்களை எண்பதுகள், தொண்ணூறுகளில் கால்வாயின் படுகையிலேயே இறக்கினார்கள். கடற்கரை–சேப்பாக்கம் பகுதி 1995-இலும் மயிலை வரை 1997-இலும் ஓடத் தொடங்கியது.

2008-இல் காக்கிநாடா–புதுச்சேரி கால்வாய்களும் கோதாவரி, கிருஷ்ணாவின் பகுதிகளும் சேர்ந்து 1,078 கிலோமீட்டர் நான்காம் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டன. நம் கருத்து: முகத்துவாரம் திறந்திருக்கும் வட, தென் பகுதிகளில் தூர்வாரினால் படகு விடலாம். நடுச் சென்னையில் தூண்களுக்கு இடையே சரக்குப் படகு திரும்ப இடம் இல்லை, தாழ்வான பாலங்களின் கீழே ஏற்றத்தில் உயரமும் போதாது. அங்கே கால்வாயை மழைநீர் வடிகாலாகக் காப்பாற்றினாலே பெரிது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் நீர் ஒக்கியம் மடுவு என்ற வாய்க்கால் வழியாக இதில்தான் வந்து விழுகிறது. 2004 சுனாமியின்போதும் கரையோரம் நீளமாகக் கிடந்த இந்தப் பள்ளம் உள்ளே வந்த கடல்நீரில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டது. தூர்ந்து கிடந்த இடத்தில் அந்தக் கொள்ளளவு அவ்வளவுக்குக் குறைவு.

நாகப்பட்டினம்–வேதாரண்யம் கால்வாயும் இதன் தொடர்ச்சியா? (வேதாரண்யம்)

இல்லை, தனி. அதுவும் உப்புக்காகத்தான், அதுவும் கரைக்கு இணையாகத்தான், ஆனால் மரக்காணத்தோடு இணைக்கப்படவில்லை. இடையில் காவிரியின் கிளைகள் வரிசையாகக் கடலில் விழுகின்றன. ஒவ்வொன்றையும் கடக்க இரு கரையிலும் லாக் வேண்டும்.